அக்கோ துறைமுகத்தில் ஒரு எல்லைத் தகராறு: புனித சபாஸ் போர், 1256–1270

அக்கோ நகரில், இத்தாலியத் துறைமுக நகரங்களான வெனிஸ், ஜெனோவா இரண்டின் வணிகர் பேட்டைகளுக்கு நடுவே ஒரு மேடு. அதன்மேல் புனித சபாஸ் மடத்துக்குச் சொந்தமான சில கட்டடங்கள். தாய்மடம் தொலைவில், யூதேயப் பாலைவனத்தில், மார் சாபா என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. மேட்டுக் கட்டடங்கள் தங்களுக்கே என்று இரண்டு பேட்டைக்காரர்களும் சொன்னார்கள். 1256-இல் ஜெனோவாக்காரர்கள் ஆயுதத்தோடு ஏறிப் போய் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

நம்மூர் வாய்க்கால் வரப்புத் தகராறு போலத் தொடங்கியது, 1270 வரை ஓயவில்லை. அதற்குள் நகரத்துக்குள்ளேயே கல்லெறி பொறிகள் பேசின. சிரியக் கரையிலிருந்து சிசிலி வரை கடற்போர்கள் நடந்தன. ஜெனோவாவின் முதலும் கப்பல்களும் கருங்கடல் பக்கம் திரும்பின. இடைக்கால மத்தியதரைக் கடலின் வாணிப வலை எப்படி இயங்கியது என்று விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. வலை ஒழுங்காக வேலை செய்யும்போது அதன் முடிச்சுகள் கண்ணில் படுவதில்லை. ஒரு முடிச்சை அறுத்தால்தான் எந்த இழை எங்கே போகிறது என்பது தெரியவருகிறது.

துறையும் சங்கிலியும்

அக்கோ இன்றைய இஸ்ரேலின் வடகரையில் இருக்கிறது. தமிழ் விவிலியம் வாசித்தவர்கள் அப்போஸ்தலர் நடபடிகளில் பித்தொலோமாய் என்ற பெயரில் இந்த ஊரைக் கடந்து வந்திருப்பார்கள். 1104-இல் சிலுவைப் போர்க்காரர்கள் ஜெனோவாக் கப்பற்படையின் துணையோடு இதைப் பிடித்தார்கள். 1187-இல் சலாவுதீன் மீட்டார். 1191-இல் இங்கிலாந்தின் ரிச்சர்டும் பிரான்ஸின் பிலிப்பும் மறுபடி பறித்தார்கள். எருசலேம் கையில் இல்லாத, சிலுவைப் போர்க்காரர்களின் எருசலேம் அரசுக்கு அதன்பின் அக்கோதான் தலைநகர்.

துறைமுகமாகப் பார்த்தால் அக்கோவைப் பெரிதாகப் புகழ முடியாது. நகரம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. அதன் தென்கிழக்கு மடிப்பில் துறை. அலைதடுப்புச் சுவர், நீருக்குள் தனித்து நின்ற ஈக்களின் கோபுரம் என்ற காவல் கோட்டை, உள்துறையின் வாயை அடைக்க ஒரு சங்கிலி. உள்ளே இடம் குறைவு. 1184-இல் இங்கே வந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க வேண்டியிருப்பதையும், வடக்கே இருக்கும் தீரு நகரத் துறை இதைவிட மேலானது என்பதையும் குறித்து வைத்திருக்கிறார். விவிலியம் சொல்லும் அதே தீருதான், அரபியில் சூர். இந்தக் கதையில் அது திரும்பத் திரும்ப வரும்.

ஆனாலும் கூட்டம் அக்கோவுக்குத்தான் வந்தது. ஒரு காரணம் டமாஸ்கஸ். அங்கிருந்து ஒட்டக வரிசைகள் நேராக இங்கே இறங்கின. சிலுவைக்காரர்களும் முஸ்லிம்களும் கோட்டைக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருக்கும்போதே இருபக்க வணிகர்களும் தடையின்றிப் போய்வருவதை இப்னு ஜுபைர் வியப்போடு எழுதுகிறார். சுங்கச்சாவடியைப் பற்றிய அவருடைய விவரிப்பு அருமையானது. கம்பளம் விரித்த கல்திண்ணைகள், பொன் அலங்காரம் செய்த கருங்காலி மைக்கூடுகள், கிறிஸ்தவ எழுத்தர்கள். அவர்கள் பேசுவதும் எழுதுவதும் அரபியில். சுங்க வசூலைக் குத்தகைக்கு எடுத்த ஒருவர் அவர்களுக்குத் தலைவர். அவரவர் மூட்டையைச் சோதித்து வரி போடுகிறார்கள், யாரையும் மரியாதைக் குறைவாக நடத்துவதில்லை என்று அந்த முஸ்லிம் பயணியே சான்று சொல்கிறார்.

வரி சின்னத் தொகை இல்லை. நகரத்தின் சட்டத் தொகுப்பில் ஒரு நீண்ட சுங்கப் பட்டியல் இருக்கிறது. மிளகு, லவங்கப்பட்டை போன்ற பல சரக்குகளுக்கு நூற்றுக்குப் பதினொன்றை ஒட்டிய வீதம். மலபாரில் ஏறிய மிளகு செங்கடல் வழியாகவும் அரபு நிலங்கள் வழியாகவும் பல கைகள் மாறி இங்கே வந்து சேரும்போது, இன்னும் ஐரோப்பாவைப் பார்க்காமலே பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். கடல் தகராறுகளை விசாரிக்கத் தனி நீதிமன்றம் இருந்தது. துறையை அடைக்கும் சங்கிலியின் பெயரிலேயே அதற்குச் சங்கிலி நீதிமன்றம் என்று பெயர்.

பேட்டை தந்த சலுகை

இந்த வரியிலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் முழுதாகவோ பெரும்பகுதியோ விலக்குப் பெறுவதுதான் இத்தாலிய நகரங்களின் குறிக்கோள். 1104-இல் கப்பல் கொடுத்து உதவியதற்காக ஜெனோவா அக்கோவின் துறைமுக வருவாயில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கியது. வெனிஸ் 1123 உடன்படிக்கையின்படி, தீரு நகரைப் பிடிக்க உதவிய கைம்மாறாக, அந்த நகரத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பெற்றது. பீசாவுக்கும் தனிச் சலுகைகள் உண்டு.

நடைமுறையில் சலுகையின் உருவம் பேட்டைதான். வெனிஸ் பேட்டையில் புனித மாற்கு கோயில், ஜெனோவாப் பேட்டையில் புனித லாரன்ஸ் கோயில், பீசாப் பேட்டையில் புனித பேதுரு கோயில். ஒவ்வொன்றிலும் கிட்டங்கிகள், அடுப்புக்கூடம், குளியல்கூடம், கடைத்தெரு, சொந்த எடைக்கற்கள், சொந்த முகத்தலளவை, சொந்த நீதிபதி. வெனிஸ் பேட்டையின் தலைவர் பாயிலோ, ஜெனோவாப் பேட்டையின் தலைவர் கான்சல். வசந்தத்திலும் கோடை முடிவிலும் கப்பல்கள் வரும். அந்தச் சில வாரங்களில் பேட்டைகள் நிரம்பி வழியும். மற்ற மாதங்களில் அறைகளை வாடகைக்கு விட்டார்கள்.

கப்பலில் வருபவரின் பணம் பெரும்பாலும் அவருடையது ஆகாது. ஜெனோவாவின் பத்திர எழுத்தர்கள் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்களில் கொமெண்டா என்ற வகை நிறையக் கிடைக்கிறது. ஊரில் இருக்கும் ஒருவர் முதல் போடுவார், இன்னொருவர் அதை எடுத்துக்கொண்டு கடல் கடப்பார். திரும்பி வந்ததும் லாபத்தில் முக்கால் பங்கு முதல் போட்டவருக்கு, கால் பங்கு பயணம் செய்தவருக்கு. விதவைகளும் கைவினைஞர்களும்கூட இப்படிச் சிறு தொகைகள் போட்டார்கள். அவர்கள் அக்கோவைப் பார்க்கப்போவதில்லை. அங்கே தங்கள் ஊர்க்காரரின் தராசும் தங்கள் ஊர் நீதிபதியும் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பணம் பெட்டியை விட்டு வெளியே வந்தது. ஆகவே பேட்டை போனால் கட்டடம் மட்டும் போகாது, கடனும் நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

இப்போது மேட்டைப் பார்க்கலாம். பீசாப் பேட்டை தெற்கு முனையில், வெனிஸ் பேட்டை உள்துறையை ஒட்டி. ஜெனோவாப் பேட்டை அளவில் பெரியது, ஆனால் ஊருக்குள் சற்றுத் தள்ளி இருந்தது. துறைக்குப் போகும் வழியில் ஒரு உயரமான இடம் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. அதே உயரத்திலிருந்து எதிரி தங்கள் கிட்டங்கிகளைக் குனிந்து பார்ப்பதை வெனிஸ்காரர்கள் சகிக்காததிலும் வியப்பில்லை. மடத்தின் பக்திக்கும் இந்தச் சண்டைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

யார் முதலில்?

ஜெனோவாவின் நகர ஆண்டுப்பதிவு ஒன்று சொல்கிறது, வெனிஸின் வரலாற்றெழுத்தாளர் வேறொன்று சொல்கிறார். இரண்டிலும் எதிரிதான் முதலில் கைநீட்டுகிறான். பொதுவாகத் தெரிவது இவ்வளவு: மடத்தின் உரிமை குறித்து இரு தரப்பும் போப்பாண்டவரிடம் போய், இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமான கடிதத்தோடு திரும்பின. நடுவே ஒரு கப்பல் தகராறு. ஜெனோவாக்காரர் ஒருவர் கடற்கொள்ளையனிடம் வாங்கிய கப்பலை வெனிஸ்காரர்கள் எங்கள் கப்பல் என்றார்கள். கைகலப்பு முற்றியது. ஜெனோவாக்காரர்கள் வெனிஸ் பேட்டைக்குள் புகுந்து சூறையாடினார்கள், துறையில் நின்ற கப்பல்களையும் விடவில்லை. அப்போது பீசாக்காரர்கள் ஜெனோவா பக்கம்.

இதைத் தடுக்க வேண்டிய அரசன் எங்கே? அரசுரிமை பெயரளவில் கொன்ராடின் என்ற குழந்தையிடம், அவன் ஜெர்மன் நாட்டில். 1250 முதல் இந்தக் கரையில் இருந்து எல்லாரையும் கட்டி மேய்த்த பிரான்ஸின் ஒன்பதாம் லூயி 1254-இல் ஊருக்குப் போய்விட்டார். உள்ளூர்ப் பிரபுக்கள், டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் என்ற துறவி வீரர் அமைப்புகள், வணிகப் பேட்டைகள் என்று ஆளுக்கொரு அதிகாரம். மத்தியஸ்தம் செய்யத் தகுதியுள்ளவர் எவரும் கட்சி சாராமல் இல்லை.

தீருவின் பிரபு மோன்ட்ஃபோர்ட் பிலிப் இதை வாய்ப்பாக எடுத்துக்கொண்டார். தன் நகரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒரு நூற்றாண்டுக்கு மேல் வெனிஸ்காரர்கள் அனுபவித்து வருவது அவருக்கு முள்ளாக உறுத்தியது. சண்டை தொடங்கியதும் அவர்களை வெளியேற்றினார். அதோடு ஜெனோவா–பிலிப் கூட்டு உறுதியானது. 1257-இல் பீசா மனம் மாறி வெனிஸோடு சேர்ந்தது. டெம்ப்ளர்கள் வெனிஸ் பக்கம், ஹாஸ்பிட்டலர்கள் ஜெனோவா பக்கம். 1258-இல் அரசப் பிரதிநிதித்துவம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தபோது வெனிஸ் தரப்பு சைப்ரஸ் அரசி பிளைசான்ஸின் சிறுமகனை ஏற்றது. உடனே எதிர்த்தரப்புக்குத் தொலைவில் இருந்த கொன்ராடினின் உரிமைமேல் திடீர்ப் பற்று வந்துவிட்டது. சட்ட வாதங்கள் நேர்த்தியானவை. ஆனால் யார் எந்த வாதத்தை எடுத்தார் என்பதைத் தீர்மானித்தது மேட்டுச் சண்டைதான்.

சங்கிலி அறுந்த நாள்

1257-இல் வெனிஸ் அனுப்பிய படைக்கு லொரென்சோ தியெபோலோ தலைவர். அவருடைய துடுப்புக் கப்பல்கள் துறைமுகச் சங்கிலியை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தன, அங்கிருந்த ஜெனோவாக் கப்பல்களைக் கொளுத்தின. புனித சபாஸ் மேடு வெனிஸ் கைக்கு வந்தது. ஆனால் ஜெனோவாப் பேட்டை விழவில்லை. சுவர் எழுப்பி, கோபுரத்தில் ஏறி நின்று எதிர்த்தார்கள்.

அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு ஒரே நகரத்தின் இரண்டு பகுதிகள் ஒன்றை ஒன்று முற்றுகையிட்டன. கோட்டைகளை உடைக்கச் செய்த கல்லெறி பொறிகள் வீட்டுக் கூரைகள்மேல் கல் பொழிந்தன. அன்றைய ஒரு வரலாற்றேடு இறந்தவர்கள் 20,000 பேர் என்கிறது. ஊரின் மொத்த மக்கள்தொகையே 30,000 முதல் 40,000 வரை என்று மதிப்பிடப்படும்போது இந்த எண்ணை அப்படியே ஏற்க முடியாது. இடிந்த கட்டடங்களைப் பற்றிய பகுதியை ஏற்கலாம், எல்லாத் தரப்பும் அதில் ஒத்துப்போகின்றன.

கடல்வழிச் செய்தி நகரும் வேகத்தையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். ஜெனோவாவிலிருந்து அக்கோவுக்கு நல்ல பருவத்தில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். குளிர்காலத்தில் பெரும்பாலும் கப்பலே கிடையாது. அக்கோவில் பேட்டைத் தலைவர் எடுக்கும் முடிவுக்கு ஊரின் ஒப்புதல் வருவதற்குள் அடுத்த இரண்டு முடிவுகளை எடுத்திருப்பார். போப் நான்காம் அலெக்சாண்டர் 1258-இல் மூன்று நகரங்களையும் கூப்பிட்டுச் சமரசம் பேசினார். அந்தச் செய்தி சிரியக் கரையைத் தொடுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

1258 ஜூன் இறுதி. ஜெனோவா ரொஸ்ஸோ தெல்லா துர்காவின் தலைமையில் ஒரு பெரிய படையை அனுப்பியிருந்தது. தீருவில் கூடிய பிறகு சுமார் 50 துடுப்புக் கப்பல்கள். வெனிஸ்–பீசா பக்கம் அதைவிடக் குறைவு, நாற்பதை ஒட்டி. திட்டம் நன்றாகத்தான் இருந்தது: பிலிப் தரைவழியாகப் படையோடு வருவார், ஊருக்குள் இருக்கும் ஹாஸ்பிட்டலர்கள் உள்ளிருந்து கைகொடுப்பார்கள், கப்பல்கள் துறையை அடைக்கும். வெனிஸ் கப்பல்கள் இன்னும் துறைக்குள் இருந்தபோதே ஜெனோவாப் படை அடிவானத்தில் தெரிந்தது. அந்தக் குறுகிய வாயிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறும்போது அடித்திருந்தால் கதை வேறாகியிருக்கும். துர்கா காத்திருந்தார். வெனிஸ்காரர்கள் நிதானமாக வெளியே வந்து அணிவகுத்தார்கள். சண்டை முடிந்தபோது ஜெனோவா தன் கப்பல்களில் ஏறத்தாழ பாதியை இழந்திருந்தது. கொல்லப்பட்டவர்களும் சிறைப்பட்டவர்களும் சேர்ந்து ஆயிரத்துக்கு வெகு மேல். மிஞ்சியவை தீருவுக்கு ஓடின. கரையில் நின்று பார்த்த பிலிப் படையைத் திருப்பிக்கொண்டு போனார்.

அதோடு ஜெனோவாப் பேட்டையும் பணிந்தது. மக்கள் வெளியேறித் தீருவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களுடைய கோபுரமும் வீடுகளும் இடிக்கப்பட்டன. கல்லை வெனிஸ்காரர்களும் பீசாக்காரர்களும் தங்கள் பேட்டைகளைச் சுற்றிச் சுவர் கட்ட எடுத்துக்கொண்டார்கள்.

தோற்றவர்கள் போன திசை

ஜெனோவாவின் கிழக்கு வாணிபம் இதோடு படுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். அக்கோவில் போட்ட முதல், அங்கே வாங்கிய உரிமை, அங்கே இருந்த ஆள்கட்டு எல்லாம் போயிற்று. தீரு நல்ல துறைதான், ஆனால் டமாஸ்கஸ் வணிகர்களை வெறும் ஆசை காட்டி அங்கே இழுத்துவிட முடியாது.

ஜெனோவா வேறொரு கதவைத் தட்டியது. 1204-இல் நான்காம் சிலுவைப் போரின்போது கான்ஸ்டாண்டிநோபிளை வெனிஸ் படை தலைமை தாங்கிப் பிடித்துக்கொடுத்ததிலிருந்து அந்த நகரத்திலும் கருங்கடல் வாசலிலும் வெனிஸுக்கே முதலிடம். பறிகொடுத்த பைசாந்திய அரசு நிக்கேயாவிலிருந்து மீட்கக் காத்திருந்தது. அதற்குக் கப்பல் இல்லை. ஜெனோவாவிடம் கப்பல் இருந்தது, கோபமும் இருந்தது. 1261 மார்ச்சில் நிம்ஃபேயனில் பேரரசர் எட்டாம் மிக்கேலுடன் உடன்படிக்கை. 50 கப்பல்கள் வரை ஜெனோவா தரும், செலவு பேரரசருடையது. மாற்றாக ஜெனோவா வணிகருக்குப் பேரரசு முழுவதும் சுங்க விலக்கு, பேட்டைகள், கருங்கடலில் நுழையும் உரிமை.

அந்தக் கப்பல்களுக்கு வேலையே வரவில்லை. ஜூலை 25-இல், வெனிஸ் படை கருங்கடலில் ஒரு தீவைத் தாக்கப் போயிருந்த நேரம் பார்த்து, பைசாந்தியத் தளபதி அலெக்சியோஸ் ஸ்ட்ராட்டெகோபுலோஸ் சிறு படையோடு நகரத்துக்குள் நுழைந்துவிட்டார். பேரரசர் நினைத்திருந்தால் கையெழுத்தை மறந்திருக்கலாம். மறக்கவில்லை. வெனிஸ் திரும்பி வந்தால் தடுக்க அவருக்குக் கப்பல் தேவைப்பட்டது. இடையில் ஜெனோவாமேல் சந்தேகப்பட்டு விலக்கியும் வைத்தார். பிறகு 1267-இல் பொன்கொம்புக் கழிமுகத்துக்கு எதிர்க்கரையில் கலாத்தாவைக் கொடுத்தார். அங்கிருந்து ஜெனோவா வணிகர் கிரீமியாவின் கஃபாவில் காலூன்றினார்கள். தானியம், மீன், உரோமத்தோல், மெழுகு, அடிமைகள்.

போலோ குடும்பத்தின் வழித்தடத்தையும் இதே வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம். நிக்கோலோவும் மஃபேயோவும் நகரம் கைமாறும் முன்னரே, 1260-ஐ ஒட்டி, கான்ஸ்டாண்டிநோபிளை விட்டுக் கருங்கடல் வழியாகக் கிழக்கே போனார்கள். 1269-இல் திரும்பியது வெனிஸுக்கு வசதியாக இருந்த அக்கோ வழியாக. 1271-இல் மார்கோவை அழைத்துக்கொண்டு புறப்பட்டபோதும் அக்கோதான். பிற்பாடு பாண்டிய நாட்டுக் காயல் துறையைப் பற்றிப் பேசிய அதே மார்கோ போலோ.

இதற்கிடையே வெனிஸும் ஜெனோவாவும் கடலில் அடித்துக்கொண்டே இருந்தன. 1263-இல் செட்டெபொட்ஸியில் வெனிஸ் வென்றது. 1266-இல் சிசிலியின் திராப்பானி அருகே ஜெனோவாவின் ஒரு முழுப் படையையே வெனிஸ் பிடித்தது. இந்த வெற்றிகளை அடுக்கி வெனிஸ்தான் போரில் வென்றது என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1264-இல் நடந்ததைப் பாருங்கள். ஜெனோவாவின் சிமோனே கிரில்லோ தன் படை சிரியாவுக்குப் போவதாகச் செய்தி பரப்பினார். அதை நம்பி வெனிஸின் போர்க்கப்பல்கள் கிழக்கே தேடிப் போயின. அவர் அத்ரியாத்திக் கடலின் வாசலில் சசேனோ தீவுக்கருகே காத்திருந்து, காவல் குறைந்த வெனிஸ் வணிகக் கப்பல் அணியை அப்படியே வாரிக்கொண்டார். பெரிய கப்பல் ஒன்றும் அதில் இருந்தவர்களும் மட்டும் தப்பினார்கள். படைக்குப் படை மோதினால் வெனிஸ் கை ஓங்கியது. ஆனால் அதைச் சாதிக்க வெனிஸ் ஆண்டுதோறும் தன் வணிகக் கப்பல்களைத் தக்க துணையோடு கூட்டமாக அனுப்ப வேண்டியிருந்தது, சில ஆண்டுகளில் அனுப்பாமலே விட வேண்டியிருந்தது. அந்தச் செலவும் தாமதமும் எந்தப் போர்ப் பட்டியலிலும் வருவதில்லை.

1267-இல் ஜெனோவாக்காரர்கள் ஈக்களின் கோபுரத்தையே பிடித்து அக்கோவைச் சில நாள் அடைத்தும் பார்த்தார்கள். நிலைக்கவில்லை. கடைசியில் 1270-இல் கிரெமோனாவில் போர்நிறுத்தம் வந்ததற்கு இரு நகரங்களின் களைப்பைவிட ஒன்பதாம் லூயியின் அவசரமே காரணம். அவருக்குத் துனீசியாவுக்கு ஒரு சிலுவைப் போர் போக வேண்டும், அதற்குக் கப்பல் வேண்டும், கப்பல் தரக்கூடியவர்கள் ஒருவரையொருவர் மூழ்கடித்துக்கொண்டிருந்தார்கள்.

கல் சொல்லும் கதை, கல்லைப் பற்றிச் சொன்ன கதை

வெனிஸில் புனித மாற்கு ஆலயத்தின் தெற்குச் சுவருக்கு வெளியே, செதுக்கு வேலை நிறைந்த இரண்டு சதுரத் தூண்கள் தனித்து நிற்கின்றன. அக்கோத் தூண்கள் என்று பெயர். லொரென்சோ தியெபோலோ ஜெனோவாப் பேட்டையை இடித்து வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்தவை என்று பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். 1960-களில் இஸ்தான்புல்லின் சரச்சானே பகுதியில் தோண்டியபோது புனித பொலியூக்தோஸ் தேவாலயத்தின் இடிபாடு வெளிவந்தது. ஆறாம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் செதுக்கல்களும் வெனிஸ் தூண்களும் ஒரே கைவேலை. ஆக அவை 1204 கொள்ளையில் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வந்தவை, அக்கோவுக்கும் அவற்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இந்தத் தவறான பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. பேரரசின் தலைநகரைக் கொள்ளையடித்த கல்லை, அண்டைவீட்டு ஜெனோவாக்காரனை அடித்துப் பறித்த கல்லாக நினைப்பதில்தான் வெனிஸ்காரர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி கிடைத்திருக்கிறது.

ஜெனோவாவும் சளைக்கவில்லை, அங்கே கதை பொய்யில்லை. 1261-க்குப் பின் கான்ஸ்டாண்டிநோபிளில் வெனிஸ்காரர்கள் வைத்திருந்த பாந்தோக்ராத்தர் மட வளாகத்துக் கட்டடம் பேரரசரால் ஜெனோவாவுக்குத் தரப்பட்டது. அதை மேளதாளத்தோடு இடித்துக் கல்லைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அந்தக் கல் ஜெனோவாத் துறைமுகத்தின் ஓரத்தில் அப்போது எழுந்த, இன்று பலாஸ்ஸோ சான் ஜோர்ஜோ எனப்படும் மாளிகையில் சேர்ந்தது. அக்கோவில் இடிபட்ட தங்கள் கோபுரத்துக்கு ஈடு.

அக்கோவுக்கு நேர்ந்தது

இந்தப் போர்தான் அக்கோவை வீழ்த்தியது என்று நேர்கோடு போடுபவர்கள் உண்டு. அவ்வளவு நேராக இல்லை. 1260-இல் மங்கோலியர்கள் டமாஸ்கஸில் நுழைந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் எகிப்தின் மம்லூக்குகள் அய்ன் ஜாலூத்தில் அவர்களைத் தோற்கடித்தார்கள். உடனே ஆட்சிக்கு வந்த பைபர்ஸ் கரையோரக் கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். பேட்டைகள் ஒற்றுமையாக இருந்திருந்தாலும் அந்தப் படையை நெடுநாள் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். மங்கோலியர் எழுச்சிக்குப் பிறகு ஆசிய வாணிபத்தின் ஒரு பங்கு கருங்கடல் பக்கமும் சிலீசிய ஆர்மீனியாவின் அயாஸ் துறைக்கும் திரும்பியதால் அக்கோவின் வரத்தும் மெலிந்தது.

ஆனால் ஒரு வளைந்த இழை இருக்கிறது. மம்லூக் என்றால் விலைக்கு வாங்கிப் போர்வீரராக்கப்பட்டவர். பைபர்ஸே கிப்சாக் புல்வெளியிலிருந்து சிறுவனாக விற்கப்பட்டவர். எகிப்துப் படைக்கு ஆண்டுதோறும் புதிய இளைஞர்கள் வேண்டும். அவர்கள் கிடைப்பது கருங்கடலின் வடகரையில். வரும் வழி கான்ஸ்டாண்டிநோபிள் நீரிணை. அந்த நீரிணையின் காவலர் எட்டாம் மிக்கேல், அவர் பைபர்ஸோடு நட்புப் பேசி வழிவிட்டார். சரக்கை ஏற்றிய கப்பல்களில் ஜெனோவாவுடையவை கணிசம். அக்கோவிலிருந்து விரட்டப்பட்ட ஜெனோவா முதலீடு கருங்கடலுக்குப் போய், அங்கிருந்து அலெக்சாந்திரியாவுக்கு ஆட்களைக் கொண்டுவந்தது. அந்த ஆட்கள் வடக்கே அக்கோவை நோக்கி நடந்தார்கள். 1258 வெற்றியின்போது இந்தச் சுற்றை முன்கூட்டிப் பார்க்க வெனிஸில் எவராலும் முடிந்திருக்காது.

பழைய பகையும் அடங்கவில்லை. 1280-களின் இறுதியில் ஜெனோவாவின் பெனடெத்தோ சக்காரியா, இதே கரையில் வடக்கே இருந்த திரிப்போலியில் தன் நகரத்துக்கு மேலாதிக்கம் தேட முயன்றார். கரையோரக் கிறிஸ்தவர்கள் சிலரே சுல்தான் கலாவூனிடம் போய், ஜெனோவா வலுத்தால் அலெக்சாந்திரியா வாணிபத்துக்கே ஆபத்து என்று கோள் சொன்னதாக அன்றைய எழுத்தாளர் ஒருவர் பதிகிறார். 1289-இல் சுல்தான் திரிப்போலியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். அடுத்த ஆண்டே ஜெனோவா அவரோடு வணிக உடன்படிக்கை செய்துகொண்டது.

1291 ஏப்ரலில் கலாவூனின் மகன் அல்-அஷ்ரஃப் கலீல் அக்கோவை முற்றுகையிட்டபோது சுவரில் வெனிஸ்காரர்களும் பீசாக்காரர்களும் நின்றார்கள். பீசாக்காரர்கள் கல்லெறி பொறிகள் கட்டிக் கொடுத்தார்கள். உடன்படிக்கை செய்திருந்த ஜெனோவா ஒதுங்கி நின்றது. மே 18-இல் நகரம் விழுந்தது. சில நாட்கள் தாக்குப்பிடித்த டெம்ப்ளர் கோட்டையும் பிறகு இடிந்தது. தீரு சண்டையே இல்லாமல் கைவிடப்பட்டது. இந்தக் கரையில் இனி யாரும் வந்து இறங்கக் கூடாது என்று மம்லூக்குகள் துறைகளைச் சிதைத்தார்கள். வணிகம் சைப்ரஸின் ஃபமகுஸ்தாவுக்கும் அயாஸுக்கும் ஒதுங்கியது. அயாஸுக்கு வெளியே 1294-இல் வெனிஸும் ஜெனோவாவும் மறுபடி மோதின. அம்முறை வென்றது ஜெனோவா.